அண்ணனின் 'பெண்ட்ஸ்', என் 'கிட் ஏ'

போன மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் பேனாவால் அவரே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு வரிசையில் ஆறு எண்கள்.

110, 162, 428.
276, 42, 20.

கீழே ஒரே ஒரு சொல்: "அநியாயம்."

எட்டிப் பார்த்த என் மனைவி, "என்ன இது, சர்வே நம்பரா?" என்றாள். சர்வே நம்பராக இருந்திருந்தால் நிம்மதி. நிலத் தகராறு என்றால் வாய்தா மேல் வாய்தா வாங்கியாவது என்றைக்காவது ஒருநாள் முடியும். இது ரேடியோஹெட் தகராறு. இருபத்தைந்து வருஷமாக எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003-இல் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் ரேடியோஹெட்டின் 'தி பெண்ட்ஸ்' 110-ஆவது இடம், 'ஓகே கம்ப்யூட்டர்' 162, 'கிட் ஏ' 428. அதே பத்திரிகை 2020-இல் புதிதாக ஓட்டெடுத்துப் பட்டியலை மறுபடி போட்டபோது 'தி பெண்ட்ஸ்' 276-க்கு இறங்கிவிட்டது. 'ஓகே கம்ப்யூட்டர்' 42-க்கு ஏறியது. 'கிட் ஏ' 20. மூன்று ஆல்பமும் அப்படியே தலைகீழ். நடுவில் 17 வருஷம். அந்த 17 வருஷத்தில் மூன்று தட்டுகளிலும் ஒரு ஸ்வரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அண்ணன் 'பெண்ட்ஸ்' கட்சி. நான் 'கிட் ஏ' கட்சி. நியாயமாகப் பார்த்தால் நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவும் செய்தேன், ஒரு பத்து நிமிஷம். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அந்த எண்களில் ஏதோ உறுத்தியது.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. கல்லூரி விடுதியில் எனக்கு மூன்று வருஷம் சீனியர். 1998-இல் நான் சேர்ந்தபோது அவர் கடைசி வருஷம். மாடியில் மூலை அறை. மேஜைமேல் ஒரு டூ-இன்-ஒன்; கேசட் கதவு உடைந்துபோய் ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தியிருப்பார். முதல் வாரம் ராகிங் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நடுங்கிக்கொண்டு போனேன். தரையில் உட்காரச் சொல்லி, 'தி பெண்ட்ஸ்' கேசட்டின் முதல் பக்கத்தைப் போட்டார். வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் திரும்ப முதலிலிருந்து. நான் இரண்டு முறை திறந்தேன். இதைவிடக் கருணையான ராகிங் அந்த விடுதியில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

ரேடியோஹெட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்று ஒரு ஊர். அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பேர். பாடுவது டாம் யார்க். ஜானி கிரீன்வுட், அவருடைய அண்ணன் காலின், எட் ஓ'பிரையன், டிரம்ஸுக்கு ஃபில் செல்வே. 1992-இல் 'க்ரீப்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். அது உலகம் முழுக்கப் பரவி அவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. 1993-இல் 'பாப்லோ ஹனி' என்று முதல் ஆல்பம். அதற்காக யாரும் யாரிடமும் சண்டைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதன் தரத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஆல்பம்தான் 1995 மார்ச்சில் வந்த 'தி பெண்ட்ஸ்'. தயாரித்தவர் ஜான் லெக்கி. ஐந்து பேரில் மூன்று பேர் கையில் கிடார். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பேசிக்கொள்ளும். 'ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்' பாட்டின் குரலை யார்க் பதிவு செய்தது, ஜெஃப் பக்லி லண்டனில் பாடியதைக் கேட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பிய பிறகு. பாடி முடித்து அழுதுவிட்டார் என்று அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். 'மை அயர்ன் லங்' பாட்டு 'க்ரீப்'பின் மேல் இருந்த எரிச்சலில் பிறந்தது. நம்மை உயிரோடு வைத்திருக்கும் இயந்திரமே நம்மைச் சிறை வைத்திருக்கிறது என்கிற மாதிரி. அண்ணன் இதையெல்லாம் புராணக் கதை மாதிரி சொல்வார். அவருடைய கட்சிக் கொள்கை ஒரே வரியில் அடங்கும்: "பாட்டுன்னா பல்லவி வேணும்டா. சுத்திட்டு வந்து உட்கார ஒரு திண்ணை வேணும்."

அந்தத் திண்ணையில்தான் நானும் வளர்ந்தேன். மறைக்கவில்லை.

'ஓகே கம்ப்யூட்டர்' எங்களுக்குள் மேய்ச்சல் புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் போகலாம், யாரும் பட்டா கேட்க மாட்டோம். 1997 ஜூனில் வந்தது. பாத் நகருக்குப் பக்கத்தில் செயின்ட் கேத்தரின்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகையில், நைஜல் காட்ரிச்சை உடன் வைத்துக்கொண்டு பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், நடுவில் இரண்டு மூன்று தடவை வேறு பாட்டாகவே மாறிவிடும் 'பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்'டை முதல் சிங்கிளாக விட்டார்கள். அமெரிக்கக் கம்பெனியான கேபிடல், ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இருபது லட்சம் பிரதி விற்கும் என்று போட்டிருந்த கணக்கை ஐந்து லட்சமாகக் குறைத்தது. மறுவருஷமே இங்கிலாந்தின் 'க்யூ' பத்திரிகை வாசகர்கள், இதுதான் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆல்பம் என்று ஓட்டுப் போட்டார்கள். வெளியாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஆல்பம்! 'எல்லாக் காலம்' என்பது சில சமயம் எட்டு மாசத்தில் முடிந்துவிடும்போல.

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம்.

2000 அக்டோபர் 2-ஆம் தேதி 'கிட் ஏ' வந்தது. சிங்கிள் கிடையாது. வழக்கமான வீடியோ கிடையாது. அதற்கு முன் டாம் யார்க்குக்குப் பாட்டே வரவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கிடார் இசையே சலித்துப்போய், வார்ப் என்ற கம்பெனியின் எலெக்ட்ரானிக் தட்டுகளை வாங்கிக் குவித்து, ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாரிஸ், கோபன்ஹேகன், கிளாஸ்டர்ஷயர் என்று இடம் மாற்றி மாற்றிப் பதிவு நடந்தது. கிடார்காரர்களுக்குத் தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாத நாட்கள் இருந்தன. ஜானி கிரீன்வுட் 'ஓந்த் மார்த்தெனோ' என்ற பழைய பிரெஞ்சு மின்வாத்தியத்தைக் கொண்டுவந்தார். 1928-இல் மோரிஸ் மார்த்தெனோ என்பவர் உண்டாக்கியது. பேய் வீட்டில் யாரோ பாடுகிற மாதிரி இழுக்கும். 'இடியோடெக்' பாட்டின் அடியில் ஓடும் நாலு கார்டு, பால் லான்ஸ்கி 1970-களில் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு துண்டிலிருந்து எடுத்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, பக்கத்து அறைப் பையன் எங்கிருந்தோ ரைட் பண்ணிக்கொண்டு வந்த ஒரு சிடி. அதில் பத்துப் பாட்டு. மூன்று வாரம் அதை மட்டும் கேட்டேன். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் வாரம் பயமாக இருந்தது. மூன்றாம் வாரம் வேறு எதைக் கேட்டாலும் சத்தம் அதிகமாக இருப்பதுபோல் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அண்ணன் விடுதிக்கு வந்தார். வேலையில் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சட்டையை இன் பண்ணியிருந்தார். இடுப்பில் பேஜர் மாட்டும் கிளிப் மட்டும் இருந்தது, பேஜர் இல்லை. பரோட்டா பார்சலும் சால்னாவும் வாங்கி வந்திருந்தார். பழைய கடனைத் தீர்க்கிற பெருமிதத்தோடு அவரைத் தரையில் உட்கார வைத்தேன். "பேசக் கூடாதுண்ணே. பேசினா முதல்லேர்ந்து."

முதல் பாட்டு. கீபோர்டு, துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய குரல். அண்ணன் பரோட்டாவைப் பிய்க்காமல் கேட்டார். இரண்டாவது பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்டது. அதில் குரலே குரலாக இல்லை. முடிந்ததும் வாயைத் திறந்தார்.

"கிடார் எங்கடா?"

"வரும்ணே."

மூன்றாவது 'தி நேஷனல் ஆன்த்தம்'. பேஸ் கிடார் ஒரே இடத்தில் உருண்டுகொண்டே இருக்கும். பாதியில் ட்ரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் நடுத்தெருச் சண்டை மாதிரி உள்ளே வந்து விழும். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான்காவது 'ஹவ் டு டிசப்பியர் கம்ப்ளீட்லி'. அகூஸ்டிக் கிடார். "இதோ வந்துருச்சு பாரு," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். டார்செஸ்டர் அபி என்ற பழைய தேவாலயத்தில் பதிவு செய்த வயலின் கூட்டம் அந்தப் பாட்டின் பின்னால் எழும்பி எழும்பி அடங்கும். அந்த ஒரு பாட்டை அவர் இன்றைக்கும் மறுத்ததில்லை. ஐந்தாவது 'ட்ரீஃபிங்கர்ஸ்'. மூன்றரை நிமிஷத்துக்கும் மேல் யாரும் பாடாமல், யாரும் அடிக்காமல் பனிமூட்டம் மாதிரி ஒரு சத்தம். அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து, "கடைசி பஸ் போயிடும்டா," என்றார். மணி எட்டுகூட ஆகவில்லை.

பல வருஷம் கழித்து, அந்த 'ட்ரீஃபிங்கர்ஸ்' முழுக்க முழுக்க எட் ஓ'பிரையனின் கிடாரிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் நீட்டி உருக்கியது என்று படித்தேன். உடனே போன் போட்டேன். "அண்ணே, அன்னைக்குக் கேட்டீங்களே, கிடார் எங்கன்னு. நீங்க எழுந்து போன பாட்டு பூரா கிடார்தான்." ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. பிறகு, "கிடார் மாதிரி கேக்கக் கூடாதுன்னா எதுக்குடா கிடார்? தோசையை அரைச்சு மாவாக்குறதுக்கு எதுக்குத் தோசை சுடணும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. 

அண்ணன் தனியாக இல்லை. 'மெலடி மேக்கர்' வாரப் பத்திரிகையில் மார்க் பியூமான்ட் 'கிட் ஏ'க்கு ஐந்துக்கு ஒன்றரை கொடுத்தார். (அந்த டிசம்பரோடு பத்திரிகையே மூடப்பட்டது. 'கிட் ஏ' சாபம் என்று சொல்ல ஆசைதான்.) அதே சமயம் 'பிட்ச்ஃபோர்க்' என்ற இணைய இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. பிரென்ட் டிக்ரெசென்ஸோ எழுதிய அந்த விமர்சனம் இசைக் கட்டுரை மாதிரி இருக்காது. சாமி வந்து ஆடுகிற மாதிரி இருக்கும். கேலி செய்தவர்கள் நிறைய. அந்தக் கேலியினாலேயே பிட்ச்ஃபோர்க் பெயர் பல பேருக்குத் தெரிய வந்தது. ஆல்பமோ அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே முதலிடத்துக்குப் போனது. அதுவரை அவர்கள் அங்கே முதலிடம் பிடித்ததே இல்லை.

ஆனால் எதிர்க்கட்சியில் எனக்கு மறக்க முடியாதவர் நிக் ஹார்ன்பி. 'ஹை ஃபிடெலிட்டி' நாவலை எழுதியவர். தட்டுக் கடையில் நின்றுகொண்டு வாழ்க்கையின் எல்லா விஷயத்துக்கும் முதல் ஐந்து பட்டியல் போடும் ஆண்களைப் பற்றிய நாவல் அது. எங்களைப் போன்றவர்களை அவ்வளவு பிரியத்தோடு கிண்டலடித்தவர் வேறு யாரும் இல்லை. அவரே 'தி நியூ யார்க்கர்' இதழில் 'கிட் ஏ'யை ஒரு பிடி பிடித்தார். அவருடைய வாதத்தின் சாரம்: இந்த மாதிரி ஆல்பத்தோடு ராத்திரி ராத்திரியாகக் குடித்தனம் நடத்த வேண்டும், அதற்குப் பொறுமையும் பக்தியும் வேண்டும். மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அந்த இரண்டும் யாரிடம் மிச்சம் இருக்கிறது?

இருபது வயதில் இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கிழவன் புலம்பல் என்றேன். இப்போது படித்தால் அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு மூன்று வாரம் இருந்தது. கட்டில், ஃபேன், தேர்வுக்கு இன்னும் இரண்டு மாசம். அண்ணனுக்கு இருந்தது பரோட்டா ஆறுவதற்குள் ஒரு மணி நேரம். நான் கேட்ட 'கிட் ஏ'யும் அவர் கேட்ட 'கிட் ஏ'யும் வேறு வேறு. ஆனால், ஹார்ன்பி ஐயா, 'பெண்ட்ஸ்' அவருக்குப் பிடித்ததும் அவர் சம்பளம் வாங்காத காலத்தில்தானே? அந்தக் கேசட்டையும் அவர் பக்தியோடு குடித்தனம் நடத்தித்தான் தெரிந்துகொண்டார். பொறுமை எந்த ஆல்பத்தோடு செலவாகிறது என்பது, அது கையில் இருக்கும்போது எந்த ஆல்பம் வெளியாகிறது என்பதைப் பொறுத்தது. அவ்வளவுதான்.

சரி, அந்த ஆறு எண்கள்.

'கிட் ஏ' ஜெயித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நானும் அண்ணனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் திமிரோடு. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் 2003 பட்டியலையும் 2020 பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2003-இல் முதல் பத்து இடங்களில் பீட்டில்ஸ் மட்டும் நாலு ஆல்பம். முதலிடம் 'சார்ஜென்ட் பெப்பர்'. 2020-இல் முதல் பத்தில் பீட்டில்ஸுக்கு ஒரே ஓர் இடம், 'சார்ஜென்ட் பெப்பர்' 24. அதாவது அண்ணன் பாதியில் எழுந்து போன ஆல்பம், 'சார்ஜென்ட் பெப்பரை'விட நாலு படி மேலே உட்கார்ந்திருக்கிறது!

2003-இல் ஓட்டுப் போட்டவர்கள் பதினேழு வருஷம் உட்கார்ந்து யோசித்து, "ஆமாம், நாம் தப்புப் பண்ணிவிட்டோம்" என்று மனம் மாறினார்களா? இல்லை. 2020-இல் ஓட்டுப் போடக் கூப்பிட்ட கூட்டமே வேறு. அதில் பில்லி ஐலிஷும் ஒருவர். அவர் பிறந்தது 2001 டிசம்பர். 'கிட் ஏ' வெளியாகி பதினாலு மாசம் கழித்து. அந்த ஆல்பத்துக்காக யாரும் மூன்று வருஷம் காத்திருந்து ஏமாந்ததை அவர் பார்த்திருக்கவே முடியாது. அவர் கண் திறந்தபோது 'கிட் ஏ' மலை மாதிரி அங்கேயே நின்றிருக்கிறது. மலையைப் பார்த்து யார் "கிடார் எங்கடா" என்று கேட்பார்கள்?

காலம் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியல் மாறியிருக்கிறது. அண்ணன் தோற்கவில்லை, அவருடைய தொகுதியே மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டது.

இதற்கு 'கிட் ஏ'யைவிட அப்பட்டமான வழக்கு 'பிங்கர்ட்டன்'. வீசர் என்ற அமெரிக்கக் குழு 1994-இல் நீல அட்டையோடு ஒரு முதல் ஆல்பம் போட்டது. பளபளவென்று இருக்கும், லட்சக்கணக்கில் விற்றது. 1996-இல் இரண்டாவது ஆல்பம் 'பிங்கர்ட்டன்'. பாட்டெழுதிப் பாடும் ரிவர்ஸ் குவோமோ அந்த நேரத்தில் ஹார்வர்டில் மாணவராகப் போயிருந்தார். தனிமை, கூச்சம், நிறைவேறாத ஆசை எல்லாவற்றையும் வெட்கமில்லாமல் கொட்டி, பூச்சினியின் 'மேடம் பட்டர்ஃப்ளை' நாடகத்தில் வரும் கப்பற்படை அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார். அந்த வருஷம் 'ரோலிங் ஸ்டோன்' வாசகர்கள் ஓட்டெடுப்பில் அது வருஷத்தின் மூன்றாவது மோசமான ஆல்பம். ஆறு வருஷம் கழித்து, 2002-இல், அதே பத்திரிகையின் வாசகர் ஓட்டெடுப்பில் எல்லாக் காலத்திலும் சிறந்த ஆல்பங்களில் 16-ஆவது. அதே பத்திரிகை, அதே 'வாசகர்கள்'. ஆனால் 1996-இல் ஓட்டுப் போட்டவன் நீல ஆல்பத்தின் இன்னொரு பிரதிக்காகக் காத்திருந்தவன். 2002-இல் போட்டவன், வீசர் காணாமல்போயிருந்த அந்த ஐந்து வருஷத்தில் பதினைந்து பதினாறு வயதில் அதைத் தனியாக அறைக்குள் கேட்டு, உலகத்தில் தன்னைத் தவிர இன்னொருத்தனும் இப்படி இருக்கிறான் என்று கண்டுபிடித்தவன். முதல் கோஷ்டி சலித்துப்போய் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மூன்றாவது மோசம் என்று ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் 2002-இல் அந்தப் பத்திரிகையை வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்?

இதில் இன்னொரு கூத்து, கலைஞனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. "எழுதினவனே சொல்லிட்டான்" என்று ஒரு கட்சி கிளம்பும். குவோமோவை அப்படி ஏற்றினால் அவர் பிறழ்சாட்சி. 'பிங்கர்ட்டன்' அடி வாங்கியதில் அவமானப்பட்டு, அந்த ஆல்பத்தையே கேவலம் என்கிற மாதிரி 2001-இல் பேசினார். 2010-இல் அதே ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாக மேடையில் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எந்த வாக்குமூலத்தை எடுத்துக்கொள்வது? டாம் யார்க்குக்கே 'பெண்ட்ஸ்' ஆல்பத்தின் 'ஹை அண்ட் ட்ரை' பிடிக்காது. இதைச் சொன்னால் அண்ணன், "அவனுக்கென்னடா தெரியும், அவன் பாடினவன்தானே," என்பார். எங்கள் சண்டை முழுவதிலும் அவர் சொன்ன மிகச் சரியான வாக்கியம் இது என்று நினைக்கிறேன். குர்ட் கோபேன் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் மெருகைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு, அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டீவ் ஆல்பினியைத் தேடிப் போனார். அதனால் 'நெவர்மைண்ட்' ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. 2020 பட்டியலில் அது ஆறு.

வீசர் ரசிகர்களின் சண்டையோ தனி ரகம். 2010-இல் ஒருவர், வீசர் குழு தயவுசெய்து கலைந்துபோக ஒரு கோடி டாலர் திரட்டித் தருகிறேன் என்று உண்டியல் ஆரம்பித்தார். புது ஆல்பம் ஒவ்வொன்றும் 'பிங்கர்ட்டன்' மாதிரி இருக்கும் என்று நம்பி நம்பி ஏமாறும் நண்பர்களின் வேதனையை ஒழிக்கத்தானாம். டிரம்ஸ் வாசிக்கும் பேட்ரிக் வில்சன், தொகையை இரண்டு கோடி ஆக்கினால் டீலக்ஸ் முறையில் பிரிந்துவிடுகிறோம் என்று பதில் போட்டார். 2018 டிசம்பரில் அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஒரு நாடகம் வந்தது: வீட்டு விருந்தில் மாட் டேமனும் லெஸ்லி ஜோன்ஸும், வீசரின் முதல் இரண்டு ஆல்பம் மட்டும்தான் வீசரா, எல்லாமும் வீசரா என்று அடித்துக்கொள்வார்கள். மேஜையில் மற்றவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். என் மனைவிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இதை நான் எத்தனை தடவை நேர்லயே பார்த்திருக்கேன்," என்றாள்.

விமர்சகர்களும் சத்தமில்லாமல் கட்சி மாறுவார்கள். நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' 1998-இல் வந்தபோது பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 8.7. 2005-இல் புது ஆள் எழுதிய புது விமர்சனம்: 10. அங்கேயும் எழுதிய கை வேறு.

இவ்வளவும் எழுதிவிட்டு, சண்டையே வீண் என்று நான் சொல்லப்போவதாக நினைக்க வேண்டாம். எண்ணை வைத்துச் சண்டை போடுவதுதான் வீண். அண்ணன் எண்ணை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால் அவரைப் போல் பேச ஆள் கிடையாது. அந்த "அநியாயம்" வந்த மறுநாள் போன் பண்ணினேன். கொஞ்சம் கத்தினார். பிறகு அடங்கி, "நீ 'ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்'ல ஆர்கனைக் கவனிச்சிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். "எப்படிக் கவனிப்பே, கூட்டத்தோட கும்பிட்டுட்டு வந்துட்டே. டாம் தனியா கிடாரோட ஆரம்பிக்கிறான்ல. அந்த ஆர்கன் எப்ப உள்ள வந்துச்சுன்னு உனக்குத் தெரியவே தெரியாது. கதவு திறக்கற சத்தமே இல்லாம வீட்டுக்குள்ள ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருக்கற மாதிரி. மூணு கிடாரும் இடிக்கிறப்பதான் அது அங்க இருந்ததே தெரியும். அதுக்கப்புறம் எல்லாம் விலகிப் போகும், அவன் மட்டும் நிப்பான்."

இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிற பாட்டு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் சொன்ன ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று மூன்று தடவை முயன்றும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பாட்டைத்தான் நான் விடுதியை விட்டு வந்த பிறகு "பழைய ரேடியோஹெட்" என்று ஒரு பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன். என் கட்சி மேலே ஏற ஏற, எதிர்க்கட்சியின் ஆல்பத்தைக் கேட்பதை நான் நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறேன். 276 என்ற எண்ணை யாரோ போட்டார்கள். நான் காதை மூடிக்கொண்டேன்.

கதையில் இன்னொரு ஆள் இருக்கிறான். அக்கா பையன், பத்தொன்பது வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தில் நடுவில் ஒளிந்திருக்கும் 'லெட் டவுன்' பாட்டு, 2022-இல் 'தி பேர்' என்ற தொடரின் முதல் சீசன் முடிவில் வந்தது. அப்புறம் டிக்டாக்கில் எப்படியோ பற்றிக்கொண்டு, 2025-இல், பிறந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது. மருமகன் என்னிடம் வந்து, "மாமா, ரேடியோஹெட்னு ஒரு பேண்டு, கேட்டிருக்கீங்களா?" என்றான். சோபாவில் இருந்து நான் எழுந்த வேகத்தைப் பார்த்து அவன் கொஞ்சம் பின்வாங்கினான்.

அவனுக்கு ஆல்பம் என்ற கணக்கே கிடையாது. எந்தப் பாட்டு எந்த வருஷம், எது முன்னால், எது பின்னால், யார் எதற்காகக் காத்திருந்து யார் ஏமாந்தார்கள், ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே தட்டில் பரிமாறிய சாப்பாடு. சுத்தமான சிலேட்டு. இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். அண்ணனுக்கு முன்னால் நான் பிடித்துவிட வேண்டும். "எதையும் மாத்தாம, தள்ளாம, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, 'கிட் ஏ'வை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேளு," என்றேன். பயமாக இருக்கும் என்றும் எச்சரித்தேன். 2000-இல் உலகமே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். பேசக் கூடாது என்ற விதியையும் சொன்னேன். தனியாகக் கேட்கிறவன் யாரிடம் பேசப்போகிறான் என்று அப்போது தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து மெசேஜ் வந்தது.

"மாமா, கேட்டேன். நல்லாருக்கு. டிஸ்டர்பே பண்ணல. செமஸ்டருக்குப் படிக்கிறப்போ பின்னாடி ஓட விட்டுக்கிறேன்."

அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. நாற்பத்தொரு வினாடி. முழுக்கச் சிரிப்பு.